ஏற்றத்தில் திணறிய கார்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் இருக்கும். பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற ரோட்டிலும், நுவரெலியா டவுனில் ஒரு கராஜிலுமாக நடந்தது இது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு அந்தக் கோபம் ஒருவர் மேல் இருந்தது, இன்றைக்கு வேறொருவர் மேல் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்க்கிறவன். மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். அதற்கு அடியிலிருந்து காற்று அடிக்கிற பெரிய ஃபேன்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எனக்கு முன்கோபம் அதிகம். ஃபேன் வாயில் கட்டியிருக்கிற கேன்வஸில் ஒரு விரல் அளவு கிழிசல் இருந்து அதை யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் போதும், மாடியே அதிரும்படி கத்துவேன். கத்திவிட்டு நானே தைப்பேன். வேலை தெரிந்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு, அதை மறைக்க நான் பாடுபட்டதும் இல்லை.

என் அண்ணனும் அதே ஃபெக்டரியில்தான் இருந்தார். இரண்டு கிட்னியும் பழுதாகி வீட்டோடு இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் அவரைப் படுக்க வைக்க வேண்டும். ஆரம்பத்தில் பஸ்ஸில்தான் அண்ணி கூட்டிப் போனார். ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள்ளேயே அண்ணன் மயங்கி விழுந்துவிட்டார். அதற்கப்புறம்தான் நான் அந்தக் காரை வாங்கினேன். ஜப்பான் கார், எஞ்சின் ரொம்பச் சின்னது, ஆனால் டர்போ வைத்தது. டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற ஒரு குட்டிக் காற்றாடி. அந்தக் காற்று இருப்பதால்தான் அவ்வளவு சின்ன எஞ்சின் நம்ம மலையில் ஆளை ஏற்றிக்கொண்டு ஏறுகிறது. ஃபேனும் காற்றுமாகவே வாழ்கிற எனக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஃபெக்டரியில் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துப் படைப்பார்கள். வாகனம் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வந்து வாசலில் வரிசையாக நிறுத்துவோம். என் காருக்கும் மாலை போட்டு, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டி, டயருக்கு அடியில் பழம் நசுக்கி, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அதற்கடுத்த வாரம் தொந்தரவு ஆரம்பமாகியது.

சமதரையில் கார் ஒழுங்காகப் போகும். ஏற்றம் வந்து அக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு கணம் யோசிக்கும். போகலாமா வேண்டாமா என்று கேட்பது மாதிரி ஒரு தயக்கம். பிறகு முக்கி முனகி ஏறும். அண்ணன் பின் சீட்டில் படுத்துக்கொண்டே சிரித்தார். "எனக்கு வடிகட்டி போச்சு, உன் காருக்கு மூச்சு போச்சு. ரெண்டு பேரையும் ஒரே வார்டுல போட்டுறலாம்டா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினில் ஒருவர் பின் ஒருவராக முறை இருக்கிறது. நாம் பிந்தினால் அது அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு முறை தவறினால் அண்ணனுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். அந்தக் கார் ஏறினால்தான் அவருக்கு மூச்சு. என் கவலை எல்லாம் அது ஒன்றுதான்.

டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். கராஜ் பாஸ் ராகலைப் பக்கத்து ஆள், ஐம்பதை ஒட்டிய வயது, அதிகம் பேசமாட்டார். போனட்டைத் திறந்தார், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், பிளக்கை மாற்றினார். குதிரைப் பந்தய மைதானத்துப் பக்கமுள்ள சமமான ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். கார் பறந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது டவுனை விட்டதும் ஒரு ஏற்றம், அதில் நான் அழுத்தவில்லை, மற்றதெல்லாம் இறக்கம் என்பதால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஏற்றத்தில் மறுபடியும் அதே தயக்கம்.

இரண்டாவது தடவை போனேன். எயார் ஃபில்டரை மாற்றினார், பெட்ரோல் வருகிற வழியைச் சுத்தம் செய்தார், மறுபடியும் அதே சமரோட்டில் ஓட்டிக் காட்டினார். "சமத்துல ஓடுது பாஸ், ஏத்தத்துலதான் நிக்குது" என்று சொன்னேன். தலையை ஆட்டினார். அடுத்த செவ்வாயும் கார் திணறியது.

மூன்றாவது தடவை போனபோது டர்போவே பழுதாக இருக்கலாம் என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரமாகக் குருட்டுத்தனமாக ஒவ்வொன்றாய் மாற்றிவிட்டு, இப்போது கடைசியில் பெரிய செலவில் இழுத்துவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் அவர் ஒன்று கேட்டார். "தம்பி, முன்பக்கத்துல யாராவது கை வச்சாங்களா? எதையாவது கழட்டி மாட்டினீங்களா?"

நியாயமான கேள்வி. இன்றைக்கு எனக்கு அது தெரியும். அன்றைக்கு, தன் கையாலாகாத்தனத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. "என் காரத் தொட இந்தக் கராஜத் தவிர வேற யாருக்கும் நான் விட்டதில்ல" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். வெள்ளிக்கிழமை அண்ணனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் காரைக் கொண்டு வரச் சொன்னார், நாள் முழுக்க வைத்துப் பார்க்கிறேன் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நல்ல பனிமூட்டம், தூறல் வேறு. அண்ணனும் அண்ணியும் பின்னால் இருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு மரக்கறி லொறி, கோவாவும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போனது. மணி ஏழரை தாண்டிவிட்டது. ஒரு இடத்தில் ரோடு நேராகத் தெரிந்தது. முந்திவிடலாம் என்று வலப்பக்கம் எடுத்து அக்சிலேட்டரை மிதித்தேன். கார் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. எஞ்சின் சத்தம் கூடுகிறது, கார் நகரவில்லை. லொறிக்குச் சரியாகப் பக்கத்தில் நான், எதிரே பனிக்குள்ளிருந்து ஒரு பஸ்ஸின் விளக்கு. பிரேக்கை அடித்து லொறிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பஸ் எங்கள் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. அண்ணி அண்ணனின் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முறை போய்விட்டது. நர்ஸ் மிஸ்ஸி நல்லவர், திட்டவில்லை. அடுத்தவர் இறங்கினதும் அண்ணனைப் போடுகிறேன், மத்தியானம் வரைக்கும் காத்திருக்க வேண்டிவரும் என்று சொன்னார். அண்ணனை வாங்குப் பலகையில் உட்கார வைத்தேன். உதடு வெளுத்துப் போயிருந்தது. அப்போதும் அவர், "நீ சண்ட போடாதடா" என்றார். நான் எங்கே போகப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

போனேன். அன்றைக்கு அந்தக் கராஜில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பழைய பிளக்குகளை ஒரு பையில் போட்டுத் தந்திருந்தார், அதை அவர் மேசையில் கொட்டினேன். லொறியைக் கொண்டு வந்திருந்த ஒரு டிரைவர், பாஸின் இரண்டு வேலைக்காரர்கள், தன் காருக்காகக் காத்திருந்த ஒரு டீச்சர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை நீ, வா, போ என்று பேசினேன். உனக்குத் தெரியாதென்றால் தெரியாதென்று சொல்லியிருக்கலாமே, என் அண்ணன் செத்தால் நீ வருவாயா என்று கேட்டேன். நீ கைவைத்துத்தான் கார் கெட்டது என்று கூடச் சொன்னேன்.

அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரை டங்கென்று வைத்தார். நானும் பதிலுக்கு நிற்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவர், "சாவியத் தாங்க. எந்த ஏத்தத்துல நிக்குதோ அங்கயே போவோம்" என்றார்.

அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டவுனைத் தாண்டி ஏற்றத்துக்கு வந்ததும் கண்ணாடிகளை இறக்கச் சொல்லிவிட்டு அழுத்தினார். கார் திணறியது. முன்னாலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம், சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது மாதிரி. காலை எடுத்தார், சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி கேட்டது. நான் ஓட்டும்போது குளிருக்காக எப்போதும் கண்ணாடியை மூடியே வைத்திருப்பேன், அண்ணனுக்கு ஆகாது. அதனால் இத்தனை நாள் அது என் காதில் விழவே இல்லை.

ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார். "டர்போ நல்லாத்தான் இருக்கு. அது தள்ளுற காத்து எங்கயோ வெளிய போகுது. சமத்துல ஓட்டுறப்ப அவ்வளவு காத்து வராது, அதனால தெரியல. மொத நாளே இங்க கொண்டு வந்திருக்கணும். என் தப்பு தம்பி."

அப்படி ஒருவர் சட்டென்று ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கோபம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று உள்ளுக்குள் இன்னும் ஏறியது.

கராஜுக்குத் திரும்பி வந்ததும் காற்று உள்ளே போகிற குழாயின் வாயை ஒரு டின்னால் அடைத்தார். அந்த டின்னில் டயருக்குக் காற்று அடிக்கிற வால்வு ஒன்றை முன்பே பொருத்தி வைத்திருந்தார். அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு, ஒரு போத்தலில் சவுக்காரத் தண்ணி எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் தெளித்துக்கொண்டு வந்தார். டியூபில் பஞ்சர் பார்க்கிற அதே வேலை. ஃபெக்டரியில் நானும் கேன்வஸ் கிழிசலை இப்படித்தான், ஈரக் கையை வைத்துத் தேடுவேன். என் காருக்கு அதைச் செய்து பார்க்க எனக்கு இரண்டு வாரமாகத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் லேசாக உறைத்தது.

மேலே எங்கேயும் நுரை வரவில்லை. முன்பக்கம், பம்பருக்குப் பின்னால், காற்றைக் குளிர வைக்கிற பெட்டிக்குப் போகிற தடித்த ரப்பர் குழாய் இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் தெளித்ததும் குபுகுபுவென்று நுரை பொங்கியது. அவர் முன் கிரில்லைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன்.

குழாயைச் சுற்றி இறுக்கி முறுக்கிய கட்டுக்கம்பி. அந்தக் கம்பி ரப்பருக்குள் இறங்கி நீளமாக அறுத்திருந்தது. கம்பியின் கீழே, காய்ந்து கறுத்துப் போன ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன.

அதைக் கட்டியது நான்தான். பூஜை அன்றைக்கு அண்ணி வெள்ளை நூலில் அழகாகக் கோத்துக் கொண்டு வந்து கொடுத்தார். நூலோடு பம்பரில் கட்டுங்கள் என்றார். நான்தான் கேட்கவில்லை. நூல் மழைக்கு இரண்டு நாள் தாங்காது, வெளியில் தொங்கினால் சேறு பட்டுப் போகும் என்று சொல்லி, நூலை உருவிப் போட்டுவிட்டு ஃபெக்டரியிலிருந்து கட்டுக்கம்பி எடுத்து வந்தேன். ஃபெக்டரிக்காரனுக்கு எது ஆடினாலும் கம்பியால் கட்டினால்தான் மனது ஆறும். கிரில்லுக்குள் கையை விட்டேன், கெட்டியாக ஏதோ ஒரு குழாய் அகப்பட்டது, அதில் சுற்றிக் குறட்டால் நன்றாக முறுக்கினேன். அறுந்தே போகாது என்று அண்ணியிடம் பெருமையாகச் சொன்னது கூட ஞாபகம் இருக்கிறது. கார் ஆட ஆடக் கம்பி ரப்பரை அறுத்திருக்கிறது. சும்மா ஓடும்போது அந்த வெட்டு மூடிக்கொள்ளும், டர்போ காற்றைத் தள்ளும்போது வாயைத் திறக்கும்.

பாஸ் கம்பியை வெட்டி அந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். லொறி டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறுபக்கம் திரும்பினார். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது யாரு கட்டினது?" என்று பாஸ் கேட்டார்.

என் வாயில் வந்தது இதுதான்: "எங்க அண்ணி கட்டியிருப்பாங்க. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது."

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது, திருத்திக்கொள்ளவும் நேரம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மேசையில் பிளக்கைக் கொட்டிக் கத்திய அதே வாய்.

அவர் வெட்டு விழுந்த துண்டை நீக்கிவிட்டு, நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய் வைத்து, இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார். புதுக் குழாய் வரும்வரைக்கும் இது தாங்கும் என்றார். மறுபடியும் காற்று விட்டுச் சவுக்காரத் தண்ணி தெளித்தார், நுரை இல்லை. பிறகு, ஆள் ஏறிய பாரத்தோடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், நானும் வருகிறேன், மேட்டு முனையில் இறங்கிப் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றார். அவ்வளவு பேச்சு வாங்கிய மனிதர் தானாகவே சொன்னார்.

பின்னேரம் அண்ணன் மெஷினிலிருந்து இறங்கியதும் ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றிக்கொண்டோம். பின் சீட்டில் அண்ணி, அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடியபடி அண்ணன். பாஸ் என் பக்கத்தில். டவுனை விட்டு ஏற ஆரம்பித்ததும் அழுத்தினேன். கார் தயங்கவே இல்லை. வாங்கிய அன்றைக்கு ஏறியது மாதிரி ஏறியது. பாஸ் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிக் காது கொடுத்துக் கேட்டார், மூடினார். பிறகு திரும்பி அண்ணியிடம் தன்மையாகச் சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எலுமிச்சம்பழத்த இனிமே கம்பியில கட்டாதீங்க. நூல்லயே கட்டுங்க, போதும். கம்பி குழாய அறுத்துருச்சு."

நடுக்கண்ணாடியில் பார்த்தேன். அண்ணிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நூலில் கோத்துக் கொடுத்தவர் அவர். காலையில் பஸ் வந்தபோது புருஷன் தலையை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தவரும் அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அந்த ரோட்டிலேயே கூனிக் குறுகிப் போயிருப்பேன்.

"சரிங்க பாஸ். தெரியாம கட்டிட்டேன், இனிமே கட்டல" என்றார்.

பாஸ் மேட்டு முனையில் இறங்கினார். பனி மறைத்த பஸ் நிறுத்தத்தில் கைகட்டி நின்றவரைப் பார்த்துக்கொண்டே காரை எடுத்தேன். வீட்டு வாசலில் அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, அண்ணி என்று ஆரம்பித்தேன். "கார் ஏறுதுல்ல தம்பி, விடுங்க. கைய கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்று உள்ளே போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி அன்றோடு தீர்த்திருப்பேன். அவர் திட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு ஃபெக்டரி மாடியில் நான் கத்துவது குறைந்திருக்கிறதா என்றால், கொஞ்சம்தான். கத்த வாயைத் திறக்கும்போது அந்தக் காய்ந்த எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

இந்த வருட ஆயுத பூஜைக்கும் அண்ணி கோத்துக் கொடுத்தார். வெள்ளை நூல். நூலின் முனையை என் கையில் வைத்துவிட்டுப் போனார். பம்பரில் கட்டினேன். நாலாம் நாள் மழையில் அறுந்து விழுந்தது, விழுந்தால் விழட்டும்.

அண்ணன் இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் போய் வருகிறார். நானும் இதற்கிடையில் அந்தக் கராஜுக்கு மூன்று தடவை போய்விட்டேன். புதுக் குழாய் போட்டுத் தந்தவரும் அதே பாஸ்தான். ஒவ்வொரு தடவையும் அவர், அக்கா சுகமா என்று கேட்பார், நான் சுகம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவர் செய்யாத ஒன்றுக்காக அத்தனை பேர் முன்னால் கத்த எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை; கம்பியைக் கட்டியது அண்ணி இல்லை, நான்தான் என்று அவரிடம் சொல்ல ஒரு வருடமாகியும் வாய் வராததுதான் என் மேல் எனக்குத் தீராமல் இருக்கிற கோபம்.